கம்பளியாரோட பெரிய வண்டி

கரடி எங்க ஃபேக்டரி கேண்டீன் கதவ ஒடச்சு வர்க்கி பிஸ்கட்டு டின்ன தூக்கிட்டுப் போச்சுங்களே, அதுக்கு அடுத்த மாசந்தான் கம்பளியாரு பெரிய வண்டி எடுத்தாரு. வருசமெல்லாம் எனக்கு ஞாபகம் நிக்காதுங்க, கரடிதான் ஞாபகம். காலைல போய்ப் பாத்தா டின்னு தேயிலைக்குள்ள கெடக்குது, மூடிய ஒழுங்காத் தொறந்து பக்கத்துல வெச்சிருக்குது. எங்க கேண்டீன்காரருக்கே அந்த மூடி தொறக்க வராது. சரி, கரடி கெடக்கட்டும்.

நீலகிரியில எத்தனையோ கிறுக்குப் புடிச்ச ஆளுங்களப் பாத்திருக்கேன். ஆனா பொண்டாட்டிக்கு ஸ்வெட்டர் எடுக்கறதுக்கு முன்னாடி வண்டிக்குக் கம்பளி எடுத்த ஆளு அவரு ஒருத்தருதானுங்க. நூறு சிசி சின்ன வண்டி அது. சாயங்காலம் பனி எறங்கினாப் போதும், கழுத்து வரைக்கும் போத்தி உட்ருவாரு. லைட்டு மட்டும் வெளிய தெரியும், காய்ச்சக்காரன் மூஞ்சி மாதிரி. அதுலயே கம்பளியாருன்னு பேராச்சு, அவரு சொந்தப் பேரு எங்க லைன் ஊடுகள்ல பாதிப் பேருக்குத் தெரியாது. சம்பள நாள்ல பேரச் சொல்லிக் கூப்புட்டா அவரே திரும்ப மாட்டாரு.

குன்னூருக்குக் கீழ, தேயிலை ஃபேக்டரியில, நானும் அவரும் ஒரே ட்ரையர் ரூம்ல தூள் காய வெச்சவங்க. ஊடும் ஒரே லைன்ல, நடுவுல ஒரு செவுருதான். அவரு வண்டிகிட்டப் பேசறதெல்லாம் எனக்குக் கேக்கும்.

"குளுருதா? இரு, இரு" அப்படிம்பாரு.

உள்ளார இருந்து அவரு சம்சாரம் ரோசம்மா, "எனக்குந்தான் குளுருதுங்க"ன்னு சத்தம் போடும்.

"நீ அடுப்புகிட்டப் போ. அது எங்க போகும்?"

ஞாயித்துக்கெழமை பூசைக்கு, மேல இருக்கற சர்ச்சுக்குப் போகோணும். வழியில குரங்கு வளைவுன்னு ஒரு ஏத்தம். அங்க வந்தா சின்ன வண்டிக்கு மூச்சு முட்டும். ரோசம்மா கொஞ்சம் பூசின ஒடம்பு. நிறுத்தினா வண்டி மறுக்கா ஏறாது, அதனால நிறுத்தவும் மாட்டாரு. ஒரு கனைப்பு கனைப்பாரு, அவ்வளவுதான். அந்தம்மா ஓடற வண்டியில இருந்து பஸ் கண்டக்டர் மாதிரி எறங்கிரும். வண்டி ஒரு துள்ளு துள்ளி மேல போகும்.

அந்தம்மா நடந்து வந்து சேர்றதுக்குள்ள இவரு மேட்டுல நின்னு வண்டிக்குக் கம்பளி போத்தி, "பாவம், சூடாகிப்போச்சு"ன்னு தடவிக் குடுத்துட்டிருப்பாரு. சூடானதுக்கு எதுக்குங்க கம்பளின்னு நான் ஒருக்காக் கேட்டேன். "வேர்வையோட காத்துல நின்னா சளி புடிக்காதா?"ன்னாரு. ரோசம்மா அப்பத்தான் வேர்த்து விறுவிறுத்து வந்து பக்கத்துல நிக்குது.

ஒரு ஞாயித்துக்கெழமை ஊட்டி பாக்க வந்த குடும்பம் ஒண்ணு, கார்ல போனவங்க, இந்தம்மா நடக்கறதப் பாத்து எரக்கப்பட்டு ஏத்திக்கிட்டாங்க. கம்பளியாரு மேடு ஏறி முடிக்கறதுக்குள்ள கார் அவரத் தாண்டிருச்சு. ரோசம்மா ஜன்னல்ல கைய ஆட்டிட்டே போச்சு. இன்னொரு கையில அவங்க குடுத்த முறுக்கு.

"யாரும்மா அது, தனியா வண்டில வர்றவரு?"ன்னு அவங்க கேட்டாங்களாம்.

"தெரிஞ்சவருதானுங்க"ன்னுச்சாம்.

அன்னைக்கு அவரு ஊட்டுக்கு வந்து பேசவே இல்ல. வண்டிகிட்டக்கூடப் பேசல. நான் செவுத்துல காத வெச்சதுதான் மிச்சம். மறுநாள் ட்ரையர்கிட்ட நின்னு எல்லாரும் கேக்கச் சொன்னாரு: "இனி அவ காலு அந்த வளைவுல மண்ணுல படக்கூடாது. பட்டுச்சுன்னா நான் வண்டி ஓட்டறதையே உட்டர்றேன்."

ட்ரையர் ரூம்ல சொன்னா மலைக்கே சொன்ன மாதிரிங்க.

வந்துச்சு வண்டி. முந்நூத்தம்பது சிசி. அவரு கிளப்பினா எங்கூட்டு அலமாரில டம்ளரெல்லாம் எடம் மாறும். சின்ன வண்டியத் தம்பி மகனுக்குக் குடுத்தப்ப, பழைய கம்பளியையும் மடிச்சுக் கூடவே அனுப்பினாரு, பொண்ணக் கட்டிக் குடுக்கற மாதிரி. புதுசுக்குப் பெருசா ஒரு செவப்புக் கம்பளி எடுத்தாரு.

மொத ஞாயித்துக்கெழமை லைனே வெளிய வந்து நின்னுச்சு. கம்பளியச் சுருட்டி டேங்க் மேல கட்டினாரு. ரோசம்மா ஏறி உக்காந்துச்சு. நான் குறுக்கால தேயிலைக்குள்ள பூந்து வளைவுக்குப் போனேன், பாக்கோணுமில்லீங்க. எனக்கு முன்னாடியே வண்டி தாண்டிருச்சு, சத்தம் மேல போயிட்டிருக்குது. ரோட்டுல பாத்தா ரோசம்மா கையில பையோட நிக்குது.

"ஏம்மா, தள்ளி உட்டுட்டாரா?"

"இல்லீங்ணா. வளைவுல மெதுவாப் போனாரு. காலு தானா எறங்கிருச்சு. இத்தன வருசத்துப் பழக்கம்."

"அவருக்குத் தெரியலயா?"

"சின்ன வண்டி, நான் எறங்கினாத் துள்ளும். இது துள்ளவே இல்லீங்களே! கூப்புட்டேன், அந்தச் சத்தத்துல எங்க கேக்குது?" குரங்குங்கள வெரட்டிட்டு ரோட்டோரக் கட்டைச்செவுத்துல உக்காந்துச்சு. "எப்பத் தெரியுதுன்னு பாக்கறேன்."

சர்ச்சு வாசல்ல நடந்தத அங்க நின்னவங்க சொன்னாங்க. வழியெல்லாம் பின்னாடி திரும்பிப் பாக்காமப் பேசிட்டே வந்திருக்காரு. "எப்படி இழுக்குது பாத்தியா ரோசா? நான் சொன்னேனில்ல?" வண்டிய நிறுத்தி, திரும்பாமயே கையப் பின்னாடி நீட்டி, "எறங்கு"ன்னாரு. யாரும் கையப் புடிக்கல. "எல்லாரும் பாக்கட்டும், வெக்கப்படாத"ன்னாரு. அப்பறந்தான் திரும்பினாரு. குனிஞ்சு வண்டிக்கு அடியிலகூடப் பாத்தாராமா.

வளைவுல நின்ன எங்களுக்கு மேல இருந்து சத்தம் வந்துச்சு. வண்டி நிக்கும், "ரோசா!"ன்னு ஒரு கூப்பாடு. மறுபடி வண்டி, மறுபடி "ரோசா!" வளைவுக்கு வளைவு நிறுத்திப் பள்ளத்த எட்டிப் பாத்துக் கூப்புடறாருங்க. சிரிச்சிட்டிருந்த அந்தம்மா எந்திரிச்சு நின்னுருச்சு.

அதுக்குள்ள மஞ்சு எறங்கிப் பத்தடிக்கு அக்கட்டால ஒண்ணும் தெரியல. வந்தவரு எங்களப் பாக்கல. வண்டிய நிறுத்திட்டு நேரா ஓரத்துக்குப் போயி, பள்ளத்தப் பாத்து "ரோசா, ரோசா"ங்கறாரு. கொரலே அவரு கொரல் மாதிரி இல்ல.

ரோசம்மா அவரு முதுகுக்குப் பின்னாடி போயி மெதுவாச் சொல்லுச்சு: "இருக்கேனுங்க."

அப்படியே ரோட்டுல உக்காந்துட்டாரு. தூறல் ஆரம்பிச்சது. எந்திரிச்சுப் போயி டேங்க் மேல இருந்த கம்பளிய அவுத்தாரு. வண்டிக்குன்னுதான் நெனச்சேன். கொண்டாந்து அந்தம்மா தோள்ல போத்தினாரு. புது வண்டி நனைஞ்சுட்டு நிக்குது, அவரு அந்தப் பக்கம் திரும்பவே இல்ல.

"காலு பட்டுருச்சு. இனி ஓட்ட மாட்டேன்"னு சாவிய என்கிட்ட நீட்டினாரு. எனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாதுங்க.

ரோசம்மா சாவியப் புடுங்கி அவரு கையிலயே வெச்சுது. "மண்ணுல படக்கூடாதுன்னுதான சொன்னீங்க? இது தார் ரோடு. கிளப்புங்க, பூசை முடியப்போவுது. ஆனா நான் இருக்கறனான்னு கேட்டுக் கேட்டு ஓட்டோணும்."

அன்னையில இருந்து வளைவுக்கு வளைவு, வண்டிச் சத்தத்துக்கு மேல அவரு சத்தம்: "இருக்கியா?" பின்னாடி இருந்து, "இருக்கேன்!" சரிவுல கொழுந்து பறிக்கற பொண்ணுங்க, "நாங்களும் இருக்கோம்!"பாங்க. ஒரு தாட்டி ரோசம்மா மக ஊட்டுக்குப் போயிருந்தப்ப, தனியாப் போனவரு பழக்கத்துல கேட்டுப்போட்டாரு. "கோயமுத்தூர்ல இருக்குதுங்க!"ன்னு மேட்டுல இருந்து பதில் வந்துச்சு.

எனக்கு மூட்டு வலி, குளுரு ஆகாதுன்னு பையன் மலைய உட்டுக் கீழ கூட்டிட்டு வந்துட்டான். இங்க வண்டிச் சத்தத்துக்குக் கொறவில்லீங்க. ஆனா ஒருத்தரும் பின்னாடி எதுவும் கேட்டுட்டுப் போறதில்ல. ஏனுங்க, நீங்க ஞாயித்துக்கெழமை காலைல அந்தப் பக்கம் போனா, குரங்கு வளைவுல சித்த நேரம் நில்லுங்க. மஞ்சுக்குள்ள இருந்து "இருக்கியா?"ன்னு கேக்கும். மொதல்ல அந்தம்மா பதில் சொல்லட்டும். அப்பறம் நீங்க ஒரு சத்தம் போட்டுச் சொல்லிருங்க, லைன் ஊட்டுச் செவுத்துக்கு அந்தப்பக்கத்து ஆளும் இருக்கானாம்னு.