அத்தாயியின் தலைமுடி

கண் விழித்ததும் சின்னுசாமி பார்த்தது தலையணையில் கிடந்த முடியைத்தான். ஒன்றா இரண்டா, ஒரு கைப்பிடி! பக்கத்தில் மனைவி அத்தாயி இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள்.

இந்த மாத்திரைகளால் சிலருக்கு முடி கொட்டும் என்று டாக்டர் இருவரையும் உட்கார வைத்துத்தான் சொல்லியிருந்தார். அவளுக்கு நெஞ்சுப் படபடப்பு, இவருக்கு மூட்டுவலி. ஆனாலும் இடுப்பளவு முடியை மருந்து இப்படியா துண்டு துண்டாக நறுக்கித் தள்ளும்! சின்னுசாமி வாயைப் பிளந்தார்.

அத்தாயிக்குத் தெரிந்தால் மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடுவாள். எறிந்தால், போன தை மாதம் மிளகுக் கொடியடியில் மயங்கி விழுந்த கதைதான். முடியைச் சுருட்டி அடுப்பில் போட்டார்.

"ஏனுங்க, ஊட்டுக்குள்ள என்ன கருகுற நாத்தம்?"

"கோழி வாட்டறேன் கண்ணு."

"கோழி எங்கீங்க?"

வேறு வழி? முட்டையிட்டுக்கொண்டிருந்த கோழி குழம்பாயிற்று.

மறுநாள் கண்ணாடியை ஒளித்தார். அப்புறம் சீப்பையும். அத்தாயி ஒரு வார்த்தை கேட்கவில்லை! விரலாலேயே கோதிக் கொண்டை போட்டாள். அந்தக் கொண்டையும் துளி இளைக்கவில்லை. புருஷன் மனசு நோகக் கூடாதென்று உள்ளே சவுரிமுடி வைத்து மறைக்கிறாளோ? அடேயப்பா, என்ன பொம்பளை! சின்னுசாமிக்கு உடம்பு சிலிர்த்தது.

சோளக்காடு ஊர்ச் சந்தையில் அதைவிட அதிசயம். இவரைக் கண்டதும் பேச்சு நின்றது. டீக்கடை மாணிக்கம் சுவர்க் கண்ணாடியைத் துண்டால் மூடினான். வாய்த்துடுக்கு இளங்கோகூட, "அண்ணா, தைரியமா இருங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டான். அத்தாயிக்காக ஊரே இப்படி உருகுகிறதா! சின்னுசாமி கண் கலங்கி எல்லோருக்கும் கும்பிடு போட்டார்.

அன்றைக்கே நர்ஸ் சங்கீதாவிடம் ஓடினார்.

"நர்ஸம்மா, அத்தாயிக்கு வேற மாத்திரை எழுதச் சொல்லுங்க. முடி பூராக் கொட்டுது. அவ பாத்துறக் கூடாதுன்னு கண்ணாடி, சீப்பு எல்லாம் ஒளிச்சு வச்சிருக்கறேன்."

சங்கீதா சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் விழித்தாள்.

"அக்காவுக்கு ஒத்த முடி கொட்டலீங்ணா. 'அவரு மண்டை வழுக்கையாகறதப் பாக்க மாட்டாம கண்ணாடியெல்லாம் ஒளிச்சுட்டாரு, பாவம், யாரும் அவரு தலையப் பத்திப் பேசிறாதீங்க'ன்னு ஊரு பூராச் சொல்லி வச்சிருக்கறதே அத்தாயி அக்காதானுங்க!"