சம்பந்தமில்லாத ஆள் சொல்லட்டும்

மோதிரம் கழலவில்லை.

சமையலறைத் தொட்டியருகே முழங்கை வரை சோப்பு நுரையோடு அவள் நின்றாள். அவளைக் கட்டிக்கொள்ளப்போகிற லிஃப்ட் மெக்கானிக், அவள் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

"மெதுவா. அந்த விரல் எனக்கு இன்னும் வேணும்."

"எனக்கு மோதிரம் வேணும். நாளைக்குக் காலையில உங்கப்பா கேப்பார்."

அவளுடைய அப்பாதான் எல்லாவற்றுக்கும் காரணம். எடை அளவுத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துவதுதான் அவர் பார்த்த வேலை. ஓய்வு பெற்றதும் சோதிக்கத் தராசு கிடைக்கவில்லை. அதனால் வீட்டுக்கு வருகிற சர்க்கரைப் பொட்டலத்தையும், வீட்டுக்கு வருகிற ஆட்களையும் சோதித்துக்கொண்டிருந்தார். நிச்சயம் முடிந்த மறுநாளே மோதிரத்தின் முறை வந்தது.

"எந்தக் கடையில வாங்கினீங்க, மாப்பிள்ளை?"

"எங்க அத்தானுக்குத் தெரிஞ்ச கடை, மாமா."

"பில் இருக்கா?"

"அத்தானுக்குத் தெரிஞ்ச கடை, மாமா."

"வைரம்தான்னு யார் சொன்னா?"

"கடைக்காரர் அத்தான்கிட்ட சொன்னாராம். அத்தான் என்கிட்ட சொன்னார்."

ஆய்வாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எந்தக் கடைக்காரரையும் வியர்க்க வைத்த துடைப்பு அது.

"வித்தவனே நல்ல கல்லுன்னு சொல்றது, பரீட்சை எழுதினவனே மார்க் போட்டுக்கிற மாதிரி. சம்பந்தமில்லாத ஆள் சொல்லட்டும். மதிப்பீடு பண்ற அம்மா ஒருத்தங்க இருக்காங்க. வாங்கவும் மாட்டாங்க, விக்கவும் மாட்டாங்க, பாத்துச் சொல்றது மட்டும்தான் தொழில். நாளைக்குப் போறோம். கல்லு பொய்யா இருந்தா கல்யாணத்தைப் பத்தி மறுபடி பேச வேண்டியிருக்கும்."

மெக்கானிக்குக்குக் கவலை இல்லை. அத்தான் மேல் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை. "நீ போனா உன் மூஞ்சியைப் பாத்தே விலையை ஏத்திடுவான், பணத்தைக் குடு, நான் வாங்கிட்டு வரேன்" என்று அத்தான் சொன்னபோது, மூஞ்சியைப் பற்றி அவர் சொன்னது சரிதான் என்று பணத்தைக் கொடுத்துவிட்டான். அத்தானும் அக்காவுக்குப் போட்ட மோதிரத்தின் அதே டிசைனில் அச்சாக ஒன்றை வாங்கி வந்துவிட்டார்.

இப்போதிருந்த ஒரே சிக்கல், அது விரலில் இறங்கிய வேகத்தில் ஏற மறுத்ததுதான்.

"நூல் இருக்கா?" என்றான் மெக்கானிக்.

இருந்தது. மோதிரத்துக்கு அடியில் நூலின் ஒரு முனையை நுழைத்தான். மீதி நூலை விரலின் மேல்மூட்டு வரை இடைவெளி விடாமல் இறுக்கமாகச் சுற்றினான். விரலின் சதை அமுங்கும். பிறகு அடிமுனையைப் பிடித்துச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தால், பிரிகிற ஒவ்வொரு சுற்றும் மோதிரத்தை ஒரு படி மேலே தள்ளும். "லிஃப்ட் மாதிரிதான். கயிறு சுத்தினா பெட்டி ஏறும்" என்று அவளுக்கு விளக்கினான்.

பெட்டி மூட்டு வரைக்கும் ஏறியது. அங்கே நின்றுவிட்டது.

லிஃப்ட் நின்றால் அவன் என்ன செய்வானோ அதையே செய்தான். பையிலிருந்து கிரீஸ் டப்பாவை எடுத்தான்.

"அது லிஃப்ட் தண்டவாளத்துக்குப் பூசறது இல்ல?"

"தண்டவாளமே வழுக்குது, விரல் என்ன."

விரல் வழுக்கத்தான் செய்தது. மோதிரம் விசையோடு கழன்று, தொட்டியின் விளிம்பில் ஒரு தட்டுத் தட்டி, தண்ணீர் போகும் துளைக்குள் இறங்கியது.

இருவரும் துளையைப் பார்த்தார்கள். முதலில் பேசியவள் அவள்தான். "உங்களை வீட்டுக்குக் கூப்பிட்டது என் தப்பு."

"பயப்படாதே. தொட்டிக்குக் கீழ குழாய் வளைஞ்சிருக்கும். சாக்கடை நாத்தம் மேல வராம இருக்க அந்த வளைவுல எப்பவும் தண்ணி நிக்கும். கனமான பொருள் அதைத் தாண்டாது."

அவன் சொன்னது சரி. வளைவைக் கழற்றியதும் மோதிரம் கிடைத்தது. கூடவே வீட்டுச் சாப்பாட்டின் எண்ணெய்ப் பிசுக்கு அத்தனையும் கிடைத்தது. மோதிரத்தைக் கால்சட்டைப் பையிலிருந்த துணியால் துடைத்தான். காலையில் தண்டவாளத்தைத் துடைத்த துணியும் அதுதான்.

துடைத்துவிட்டுப் பார்த்தவன் முகம் மாறியது. கல் மங்கிக் கிடந்தது.

மெக்கானிக்குக்குக் கல்லைச் சோதிக்க ஒரு வழி தெரியும். வாயால் ஊதிப் பார்ப்பது. மூச்சின் ஈரம் கல்லில் படியும். வைரம் சூட்டைச் சட்டென்று உள்ளே கடத்திவிடும். அதனால் படிந்த ஆவி கண்ணிமைப்பதற்குள் மறைந்துவிடும். கண்ணாடியில் ஆவி அப்படியே தங்கும். மோதிரத்தில் ஊதினான். மங்கலாகவே இருந்தது. பக்கத்து ஜன்னல் கண்ணாடியில் ஊதினான். இரண்டும் அக்கா தங்கை போல ஒரே மாதிரி மங்கியிருந்தன.

"என்னாச்சு?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. கழுவி எடுத்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு, கழுவாமலே வெளியே வந்தான். அத்தானை எவனோ நன்றாக ஏமாற்றியிருக்கிறான்.

அக்கா வீட்டில் அத்தான் புது மசாஜ் நாற்காலியில் சாய்ந்திருந்தார். ஆபீஸ் போனஸில் வாங்கியதாம். உள்ளே உருளைகள் முதுகைத் தட்ட, கீழே மோட்டார் அதிர, அத்தானின் பேச்சும் சேர்ந்து அதிர்ந்தது.

"வா-வா மச்சான். எ-என்ன முகம் வா-வாடிக்கிடக்கு?"

"நாளைக்கு மோதிரத்தை மதிப்பீட்டுக்குக் கொண்டு போறோம், அத்தான்."

"தா-தாராளமா. ந-நானும் வரேன். சு-சுத்தமான வைரம். என் க-கண்ணு முன்னாடி இருந்த கல்லு."

இவ்வளவு நம்புகிற மனிதரிடம் எப்படிச் சொல்வது? மெக்கானிக் சமையலறைக்குப் போய் அக்காவிடம் விஷயத்தை உடைத்தான்.

"அவர்கிட்ட மூச்சு விடாதே. மனசு உடைஞ்சிடுவார்" என்றாள் அக்கா. கொஞ்சம் யோசித்துவிட்டு, பீரோவைத் திறந்து தன் மோதிரத்தை எடுத்து வந்தாள். "இதைக் கொண்டு போய் வை. ரெண்டும் ஒரே டிசைன், எவனுக்கும் தெரியாது. அப்புறம் மெதுவா நல்ல கல்லா வாங்கி மாத்திக்கலாம்."

"அக்கா, இது உண்மையான..."

"கல்யாணத்தப்பவே ஒரு மதிப்பீட்டாளர் லென்ஸ்ல பாத்துச் சொன்னதுடா. உள்ள ஒரு சின்னக் கறை இருக்கு. குடை மாதிரி, கைப்பிடி மட்டும் இருக்காது. வைரத்துக்குக் கறைதான் மச்சம், ஒண்ணுல இருக்கிறது இன்னொண்ணுல இருக்காதுன்னு அவர் சொன்னார்."

இது கல்யாணமான நாளிலிருந்து வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் அக்கா சொல்லிவருகிற கதை. மெக்கானிக் அதைக் கேட்பதை எப்போதோ நிறுத்திவிட்டிருந்தான்.

"ஆனா ஒண்ணு. என் மோதிரம் எங்க போகுதோ அங்க நானும் வருவேன்."

மறுநாள் மதிப்பீட்டு அம்மாவின் சின்ன அறையில் நாற்காலிகள் போதவில்லை. ஆய்வாளர் நேர் எதிரே உட்கார்ந்திருந்தார். அவர் மகள் வீங்கிய விரலை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். அக்காவின் கண்கள் தம்பியின் கையிலிருந்த தன் மோதிரத்தின் மேலேயே இருந்தன. அத்தான், தன்னுடைய பிள்ளை பரீட்சை எழுதப்போவதைப் போலப் பெருமையாக நின்றார். மெக்கானிக் அதை மேசை மேல் வைத்தான். அவனுடையது சட்டைப் பையில் காகிதத்தில் பத்திரமாகச் சுருண்டிருந்தது.

அந்த அம்மா பேனா மாதிரி ஒரு கருவியை எடுத்தார்.

"இதோட முனை சூடா இருக்கும். கல்லு மேல வச்சா, வைரம் அந்தச் சூட்டை உறிஞ்சிடும். முனை குளிர்ந்ததும் கருவி கூவும். மத்த கல்லுங்களுக்கு அவ்வளவு வேகம் கிடையாது, அதனால சும்மா இருக்கும்."

ஆய்வாளர் ஆசையோடு முன்னால் குனிந்தார். ஒரு நல்ல கருவியைப் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது.

முனை கல்லைத் தொட்டது. கருவி சும்மா இருந்தது.

வேறொரு பக்கத்தில் தொட்டார். அப்போதும் சும்மா இருந்தது. லென்ஸில் பார்த்தார்.

"வைரம் இல்லைங்க. நல்லாப் பட்டை தீட்டின செயற்கைக் கல்லு."

"இருக்கவே முடியாது" என்றார் அத்தான். அந்தக் குரலில் பொய்யே இல்லை. "அது வைரம்னு எனக்குத் தெரியும். என் தலையில அடிச்சுச் சொல்றேன்."

"என் மோதிரமா?" என்று அக்கா எழுந்தாள்.

"உங்க மோதிரமா?" என்றார் ஆய்வாளர்.

"உன் மோதிரமா?" என்றார் அத்தான். மூன்று குரல்களில் அவருடையதுதான் தரைமட்டத்தில் இருந்தது.

ஆய்வாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அது முடிவதற்குள் மெக்கானிக் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். நூல், கிரீஸ், குழாய் வளைவு, ஊதல், அக்கா. சட்டைப் பையிலிருந்த காகிதத்தைப் பிரித்து, மங்கிப்போன மோதிரத்தை மேசை மேல் வைத்தான்.

"கழுவி எடுத்துட்டு வரேன்னு சொன்னீங்க" என்றாள் அவள்.

"கழுவினா கண்ணாடி வைரமாகிடுமா?"

"ஆகும்" என்றார் மதிப்பீட்டு அம்மா. "வைரத்துக்குத் தண்ணி ஒட்டாது, எண்ணெய்ப் பிசுக்கு விடாது. சுரங்கத்துலயே கிரீஸ் பூசின பலகை மேல கல்லும் தண்ணியுமா ஓடவிடுவாங்க. மத்த கல்லெல்லாம் ஓடிடும், வைரம் மட்டும் ஒட்டிக்கிட்டு நிக்கும். நீங்க ஊதினது கல்லு மேல இல்லீங்க, கிரீஸ் மேல."

வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, கருவியை வைத்தார்.

கருவி கூவியது. மெக்கானிக்குக்குத் தன் வாழ்க்கையில் எந்த லிஃப்ட் மணியும் இவ்வளவு இனிமையாகக் கேட்டதில்லை.

"சம்பந்தமில்லாத ஆள் சொல்லியாச்சு" என்றார் ஆய்வாளர். "கல்லு சுத்தம். மாப்பிள்ளைதான் கொஞ்சம் கலப்படம். பயத்துல பண்ணினது, முத்திரை குத்திடலாம். நீ என்னம்மா சொல்றே?"

"விரல் வத்தட்டும், சொல்றேன்" என்றாள் மகள். ஆனால் சிரித்துவிட்டாள்.

அக்கா சிரிக்கவில்லை. "அப்போ என்னோடது எப்படிப் பொய்யாச்சு? அன்னைக்குப் பாத்துச் சொன்னாங்களே."

"அந்த மதிப்பீட்டாளரும் கடைக்காரனும் கூட்டாளிங்களா இருக்கும்" என்றார் அத்தான். நாற்காலி இல்லாமலே குரல் அதிர்ந்தது.

"அப்ப அந்தக் குடை?"

"பாத்திரம் தேய்க்கிறே இல்ல. தே-தேஞ்சிருக்கும்."

"வைரம் தேயாதுங்க" என்றார் மதிப்பீட்டு அம்மா. "அதைத் தேய்க்கணும்னா இன்னொரு வைரம்தான் வேணும்."

ஆய்வாளர் இந்தப் பேச்சு எதையும் கவனிக்கவில்லை. அவர் கண் லென்ஸ் மேலிருந்தது. "அம்மா, தப்பா நினைக்கலேன்னா, எங்க மோதிரத்தை நான் ஒரு தடவை பாக்கலாமா?"

"தாராளமா."

"வேண்டாம், சார்" என்று அத்தான் பாய்ந்து மேசைக்குக் குறுக்கே கையை நீட்டினார். "லென்ஸ் கண்ணுக்குக் கெடுதல். டாக்டருங்களே சொல்றாங்க."

ஊரிலிருக்கிற கடைக்காரர்கள் எல்லாம் எத்தனையோ வருஷமாக ஆய்வாளரைத் தடுத்துப் பார்த்தவர்கள்தான். அவர் அந்தக் கையை ஒரு திரையை விலக்குவதுபோல விலக்கிவிட்டு, மோதிரத்தை விளக்குக்கு நேராகப் பிடித்து, லென்ஸில் ஒரு கண்ணைப் பதித்தார். மெதுவாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"அட, உள்ள சின்னதா ஒரு குடை தெரியுதே. கைப்பிடிதான் இல்ல."