அறுபத்துநாலு ஜிபி தாராளம்

“இடம் இல்லை” என்றது போன்.

லிசியாட்டே அதை நம்பவில்லை. வெள்ளை கவுனும், ஊர் வழக்கப்படி அதன்மேல் இடுப்பில் கட்டிய புதுப் பாயுமாக நின்ற மகள் லவினியாவை நோக்கிப் பிடித்து, சிவப்புப் பொத்தானை மறுபடியும் அழுத்தினார். மூன்று விநாடி ஓடிவிட்டு நின்றது. தேவையில்லாதவற்றை அழிக்கவும் என்று உபதேசம் வேறு.

“தேவையில்லாததா? என் போன்லயா?” என்று போனிடமே கேட்டார்.

டோங்காத் தீவுகளின் தலைநகர் நுகுஅலோஃபாவில் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. அதுவும் மே மாதத்து முதல் ஞாயிறு, பிள்ளைகள் ஞாயிறு. பத்து மணிக்குப் பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து, மனப்பாடம் செய்த வேத வசனங்களைச் சபை முன்னால் சொல்ல வேண்டும். லவினியாவுக்குப் பத்து வயது. இந்த வருடம்தான் முதல் முறையாகப் பெரிய பிள்ளைகளின் பகுதி, முழுசாக ஐந்து நிமிடம்.

அவள் அம்மா செலா ஆஸ்திரேலியாவில் ஆப்பிள் பறிக்கப் போயிருந்தாள். தோட்டத்து விடுதியில் சிக்னல் கிடையாது. ஞாயிறு சாயங்காலம் மட்டும் டவுனுக்கு வண்டி விடுவார்கள். போன ஞாயிறு அங்கிருந்து பேசியபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“பாப்பா பேசறதை முழுசா எடுத்து அனுப்பிடுங்க. வேற எதுவும் எனக்கு வேண்டாம். அதைப் பாத்துட்டா மிச்ச ஆறு வாரத்தையும் ஓட்டிடுவேன்.”

“அதுக்குத்தானே போனே வாங்கியிருக்கேன்” என்று லிசியாட்டே அடித்துச் சொல்லியிருந்தார்.

இப்போது ஓடிப்போய் ஒரு மெமரி கார்டு வாங்கலாம் என்றால், டோங்காவில் ஞாயிற்றுக்கிழமை கடை திறப்பது சட்டப்படி குற்றம். திறந்திருந்தாலும் அந்தக் கடைக்கு அவர் எந்த முகத்தோடு போவார்?

லிசியாட்டே துறைமுகத்துச் சரக்குக் கொட்டகையின் பொறுப்பாளர். யாருடைய மூட்டைக்கு எத்தனை அடி இடம் என்று இருபது வருடமாகத் தீர்ப்புச் சொல்லிச் சொல்லி, இடம் என்ற விஷயத்தில் இந்த ராஜ்யத்திலேயே தனக்கு மிஞ்சியவர் இல்லை என்ற முடிவுக்கு வந்திருந்தார். அந்த ஞானத்தோடுதான் பிப்ரவரியில் போன் கடைக்குள் நுழைந்தார்.

“நூத்திருபத்தெட்டு எடுத்துக்குங்க சார்” என்றாள் கடைப்பெண். “அறுபத்துநாலு சீக்கிரம் ரொம்பிடும்.”

“என்னத்தைப் போட்டு ரொப்பப் போறேன்? நான் என்ன சினிமாவா எடுக்கறேன்?”

“போனோட சொந்த சமாச்சாரமே இருபது எடுத்துக்கும் சார்.”

“மிச்சம் நாப்பத்துநாலு இருக்கில்ல? கழித்தல் எனக்கும் தெரியும்மா. நூத்துக்குத் தொண்ணூறு பேருக்கு எடுத்து வெச்சுக்கற மாதிரி ஒரு மண்ணும் கிடையாது. சோத்துத் தட்டைப் படம் பிடிப்பான், சொந்த மூஞ்சியைப் படம் பிடிப்பான். அதுக்குக் கிடங்கு வேணுமா?”

“ஒரு கார்டாவது போட்டுக்குங்க சார்...”

“என் தலையில கட்டப் பாக்காதே. அறுபத்துநாலு ஜிபி தாராளம்!”

அன்று முதல், ஆண்கள் கூடி கவா வேர்ச்சாறு குடிக்க உட்காரும் இடமெல்லாம் இதே பிரசங்கம். அவருடைய அக்கா லூப்பே இருநூற்றைம்பத்தாறு ஜிபி போன் வாங்கியதுதான் அவருக்குக் கிடைத்த அவல். “அக்கா அதுல என்னத்தை வெச்சிருக்காங்க தெரியுமா? ரோஜாப்பூ! காலை வணக்கம்னு எழுதின ரோஜாப்பூ!” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். முகத்துக்கு நேரே சொல்லவில்லை. அக்காவிடம் வாயாடவோ, இதைச் செய் என்று சொல்லவோ எந்த டோங்காத் தம்பிக்கும் நாக்கு எழாது. குடும்பத்தில் அக்காவே பெரிய தலை, அவள் வைத்ததுதான் சட்டம். ஆகவே மனிதர் முதுகுக்குப் பின்னால் மட்டும் வீரராக இருந்தார்.

“லவினியா, அத்தை வீட்டுக்குப் போய் தலை பின்னிக்கிட்டு வா. அதுக்குள்ள அப்பா இதைச் சரி பண்ணிடறேன்.”

“அப்பா, போனை ஒரு நிமிஷம் தாங்களேன். ஒரே ஒரு தடவை பாத்துட்டுத் தந்துடறேன்.”

“விளையாடற நேரமாடி இது? போ, வசனத்தை மனசுக்குள்ள ஓட்டிப் பாரு.”

அவள் எதையோ சொல்ல வாயெடுத்து, அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

லிசியாட்டே வேலையில் இறங்கினார். முதலில் செயலிகள். புயல் எச்சரிக்கை, பாட்டுப் புத்தகம், செலா இறக்கி வைத்திருந்த அகராதி என்று கண்ணில் பட்டதையெல்லாம் தூக்கினார். ஒரு ஜிபி காலியானது. கொட்டகையில் ஒரு மூலையைக் காலி செய்த திருப்தியோடு நிமிர்ந்தார். இவ்வளவு நாள் இடத்துக்காகக் காத்துக்கிடந்த போன், அந்த நொடியே தன்னுடைய புதுப்பிப்பை இறக்கிக்கொண்டது. இடம் இல்லை.

“திருட்டுப் பயலே!” என்றார்.

அடுத்து குடும்பக் குழு. நூற்று நாற்பத்து மூன்று பேர். ஆக்லாந்து, சிட்னி என்று எங்கெங்கோ இருக்கும் மொத்த வம்சமும் அதில்தான். லூப்பே அக்கா நடத்தும் குழு. விடிந்தால் ரோஜாப்பூ. லிசியாட்டேக்குச் சந்தேகமே இல்லை, போனை அடைத்துக்கொண்டிருப்பது இந்தப் பூந்தோட்டம்தான். உள்ளே இருப்பதைத் துடைக்க எதையோ அமுக்கினார். அது கேட்ட கேள்வியைப் படிக்காமலே சரி என்றார்.

‘லிசியாட்டே குழுவை விட்டு வெளியேறினார்.’

நூற்று நாற்பத்திரண்டு போன்களில் அந்த வரி போய் விழுந்தது. அவர் வெளியேறினாரே ஒழிய, ரோஜாப்பூக்கள் வெளியேறவில்லை. அத்தனையும் படப்பெட்டியில் பத்திரமாக இருந்தன. இடம் இல்லை.

ஐந்து நிமிடத்தில் அக்கா மகன் மனாசே வாசலில் நின்றான். மீன்பிடிப் படகில் வேலை பார்க்கும் முப்பது வயது ஆள். அம்மா சொன்னதை ஒப்பிக்கும்போது மட்டும் பள்ளிக்கூடப் பையன்.

“மாமா, அம்மா கேக்கச் சொன்னாங்க. எங்க குடும்பத்துல உங்களுக்கு என்ன குறை வெச்சோம்?”

“குறையா? ஐயோ, இல்லடா. கை தவறிடுச்சு. இடம் பத்தல.”

“குடும்பத்துல உங்களுக்கு இடம் பத்தலன்னு சொல்லவா?”

“போன்லடா! போன்ல! எல்லாம் உன்னாலதான். மாமன் வீடுன்னா எதை வேணா எடுத்துக்கலாம்னு போன மாசம் என் போனைத் தூக்கிட்டுப் போனியே, என்னென்ன குப்பையைப் பிடிச்சு வெச்சே?”

அவன் எடுத்தது தப்பில்லை. தாய்மாமன் வீட்டில் பன்றியையே கேட்காமல் ஓட்டிப் போகும் உரிமை அக்கா பிள்ளைக்கு உண்டு. கோபப்பட மாமனுக்குத்தான் உரிமை கிடையாது.

“பாட்டு மட்டும்தான் கேட்டேன் மாமா. படம் பிடிக்க எங்கிட்டயே நல்ல போன் இருக்கு.” அவன் தலையைச் சொறிந்தான். “அப்புறம், தம்பிக்குப் போன் வேணும்னா நம்ம போனைத் தரலாம்னு அம்மா நேத்து சொல்லிட்டிருந்தாங்க. அதை இப்ப கேக்கவா, வேண்டாமா?”

அந்த ஒரு நிமிடத்தில் லிசியாட்டே ஆமாம் என்று சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் மூன்று மாதப் பிரசங்கம் தொண்டையில் நின்றது.

“தேவையில்ல. அறுபத்துநாலு தாராளம்னு போய்ச் சொல்லு.”

மனாசே போனபிறகு, எது எவ்வளவு இடத்தைத் தின்கிறது என்று காட்டும் பக்கத்தை லிசியாட்டே ஒருவழியாகக் கண்டுபிடித்தார். ஐம்பத்தெட்டு வீடியோக்கள். ஒவ்வொன்றும் ஐந்து நிமிடத்துக்குக் குறையாமல். எல்லாவற்றுக்கும் முகப்பில் ஒரே கும்மிருட்டு. ஒன்றைத் திறந்து பார்த்தார். கறுப்பு. இரண்டு விநாடி பார்த்தார், அப்போதும் கறுப்பு.

“பாக்கெட்டுக்குள்ள போட்டே படம் எடுத்திருக்கான், கழுதை. வாயைத் திறந்தா பொய்.”

ஐம்பத்தெட்டையும் அழித்தார். அழித்தவை முப்பது நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும் என்றது போன். இவரா விடுவார்? தொட்டியையும் காலி செய்தார். முப்பத்தெட்டு ஜிபி! போன் வாங்கிய நாள்போல் வெறிச்சென்று ஆகிவிட்டது. அவருடைய பெரிய பன்றியின் நூற்றுப் பன்னிரண்டு படங்களை மட்டும் தொடவில்லை. அவை தேவைப்படும்.

“சொன்னேன்ல? ஜனங்களுக்கு இடம் பத்தாம இல்ல. எதை வெச்சுக்கணும், எதைத் தூக்கிப் போடணும்னுதான் தெரியல” என்று சுவருக்குச் சொல்லிவிட்டு, இடுப்புப் பாயை இறுக்கிக் கட்டிக்கொண்டு தேவாலயத்துக்குப் புறப்பட்டார்.

போன வருடம் போன் பிடித்த கூட்டம் பிள்ளைகளையே மறைத்துவிட்டதால், இந்த வருடம் போதகர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: ஒரு பிள்ளைக்கு ஒரு போன், அதுவும் உட்கார்ந்த இடத்திலிருந்துதான். லிசியாட்டே அரை மணி முன்னதாகவே போய் இரண்டாவது வரிசையின் நடுவில் இடம் பிடித்தார். கண்ணுக்கு நேரே மேடை.

முதல் பாட்டு முடியும்போது லூப்பே அக்கா வந்தார். எத்தனையோ இடம் இருந்தும், தம்பிக்கு நேர் முன்னால் வந்து உட்கார்ந்தார். பெரிய உடம்பு. அதன்மேல் ஆக்லாந்திலிருந்து வந்த தொப்பி. தொப்பியின்மேல் ஊதா நிறத்தில் ஐந்து துணி ரோஜாக்கள்.

லவினியாவின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

லிசியாட்டே போனைத் தூக்கினார். ரோஜா. இடப்பக்கம் சாய்த்தார். ரோஜா. வலப்பக்கம் சாய்ந்தால் அடுத்தவர் மடி. அக்காவிடம் தொப்பியைக் கழற்றச் சொல்ல முடியுமா? தோளைத் தொட முடியுமா? சபை முழுவதும் அவர் படும் பாட்டைப் பார்த்தது. ஒருவரும் உதவவில்லை, கவா இடத்துப் பிரசங்கம் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. ஓரமாகப் போய் நிற்கலாம் என்று எழுந்தார். போதகர் ஒரு பார்வை பார்த்தார். உட்கார்ந்தார்.

லவினியா ஒரு சொல் பிசகாமல், கணீரென்று பேசினாள். கிழவர்கள் மூக்கைச் சிந்தினார்கள். லூப்பே அக்கா, கோபமெல்லாம் கரைந்து, “என் மருமகளே, என் தங்கமே!” என்று ஐந்து நிமிடமும் விம்மி விம்மி அழுதார்.

விருந்துப் பந்தலில், வழக்கப்படி பெரியவர்கள் பின்னால் நிற்க, பிள்ளைகள் முதலில் சாப்பிட்டார்கள். லிசியாட்டே ஒதுங்கி நின்று படத்தை ஓட்டிப் பார்த்தார். ஐந்து நிமிடமும் ஐந்து ரோஜா. வசனத்துக்குப் பதில் அக்காவின் விம்மல். இன்று சாயங்காலம் செலா டவுனில் வண்டியை விட்டு இறங்கி, போனைத் திறந்து, இதையா பார்ப்பாள்? அவருக்குக் கண் கலங்கியது. முதல் முறையாக நாக்கில் ஜிபி கணக்கு எதுவும் வரவில்லை.

மகள் பக்கத்தில் போய்க் குந்தினார். அவள் தட்டில் சுட்ட பன்றியும், தேங்காய்ப்பாலில் வெந்த சேப்ப இலையும் மலையாக இருந்தன.

“பாப்பா, அப்பா கெடுத்துட்டேன்மா. நீ பேசினது ஒண்ணும் விழல. அம்மாவுக்கு என்னத்தை அனுப்பறது?”

லவினியா வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுச் சிரித்தாள்.

“இதுக்குப் போயா அழறீங்க? தினம் விடியகாலைல உங்க போனைப் பாயில கிடத்தி பட்டனை அமுக்கிட்டு, அப்புறமா எடுத்து பைபிள்ல சாய்ச்சு வெச்சுத்தான் நான் பேசிப் பழகினேன். ஆரம்பத்துல கொஞ்சம் கறுப்பா இருக்கும். அம்பத்தெட்டு இருக்குப்பா, அதுல கடைசி ஒண்ணை அனுப்புங்க, இன்னிக்குப் பேசினதைவிட நல்லா வந்திருக்கு!”