நான் சிவப்பு மையால் அடித்த சைபர்

பயம் வந்தால் சிலருக்கு அழுகை வரும். எனக்குக் கோபம் வரும். அந்தக் கோபத்தில் 2009-ல் திருச்செங்கோட்டில் ஒரு குடும்பத்தையே பிரிக்கப் பார்த்தேன்.

மகள் கணக்கர் வேலைக்கு துபாய் போயிருந்தாள். இறங்கியதும் பேசி, புது செல் நம்பரைச் சொன்னாள்: முதலில் இரண்டு சைபர், பிறகு 971, பிறகு ஐம்பதில் தொடங்கும் எண். அதோடு சரி. மூன்று நாள் சத்தமே இல்லை. தேனிப் பக்கம் கோம்பையில் எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. (பொய். நான் சாப்பிட்டேன். கோபம் வந்தால் எனக்குப் பசி அதிகம்.)

நான்காம் நாள் காலை நானே டயல் செய்ய உட்கார்ந்தேன். போடியில் ஏலக்காய்க் கடையில் இருபது வருடம் எழுத்து வேலை பார்த்தவன். தினமும் குமுளிக்கும் நெடுங்கண்டத்துக்கும் போன் போட்டவன். வெளியூர் என்றால் ஒரு சைபர். இதுகூடவா எனக்குத் தெரியாது? மகள் அவசரத்தில் ஒரு சைபரைக் கூட்டிச் சொல்லிவிட்டாள் என்று, எழுதி வைத்திருந்த நம்பரில் சிவப்பு மையால் ஒன்றை அடித்துவிட்டு, மீதியைச் சுழற்றினேன்.

ஓர் ஆண் குரல் எடுத்தது. தமிழ்க் குரல்.

"அவகிட்டப் போனக் குடுடா" என்றேன். யாரிடம் என்று கேட்டான். மகளின் பெயரைச் சொன்னேன். அப்படி யாரும் இங்கே இல்லை, தான் திருச்செங்கோட்டில் லாரி ஓட்டுகிறவன் என்றான். துபாயில் உட்கார்ந்துகொண்டு திருச்செங்கோடு என்கிறானே, எவ்வளவு திமிர்!

மூன்று முறை போட்டேன். மூன்று முறையும் அவனே. அவளை எங்கே அடைத்து வைத்திருக்கிறாய், போலீஸுக்குப் போவேன் என்று நான் கத்தியதில் என் மனைவி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பக்கம் போன் கைமாறியது.

"யாருங்க அந்தப் புள்ள? எத்தன நாளா நடக்குதுங்க?" அவன் மனைவி. (துபாய்க்குக் குடும்பத்தோடு போயிருக்கிறான், பாவி.)

"ஒங்க வீட்டுக்காரரையே கேளுங்கம்மா. எம் மக போன் அவருகிட்டத்தான் இருக்கு."

பாத்திரம் விழும் சத்தம் கேட்டது. எனக்குக் கொஞ்சம் நிறைவாகக்கூட இருந்தது.

மதியம் மகளே கூப்பிட்டாள். வேலையில் சேர்ந்த அலைச்சலில் பேச முடியவில்லையாம். யாருடி அந்த லாரிக்காரன் என்று கத்தினேன். அவள் நிதானமாகக் கேட்டாள்.

"எத்தன சைபர் போட்டீக?"

"ஒண்ணு."

"ரெண்டு போட்டாத்தாம்ப்பா நாட்ட விட்டு வெளிய போகும். ஒண்ணு போட்டா அந்த 971 நம்ம ஊரு செல் நம்பராயிரும். கடைசி ரெண்டு நம்பர மெஷின் கண்டுக்கிறாது. நீங்க தமிழ்நாட்டத் தாண்டவே இல்ல."

ஒரு சைபரின் மேல் மனிதன் எவ்வளவு ஆத்திரப்பட முடியுமோ அவ்வளவும் பட்டேன். பிறகு லாரிக்காரர் வீட்டுக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். நான் விளக்க விளக்க, அவரைக் காப்பாற்ற நான் பொய் சொல்வதாகவே அந்த அம்மாள் முடிவு கட்டினார்.

மறுவருடம் மகளின் கல்யாணத்துக்குக் கூசிக்கொண்டே பத்திரிகை அனுப்பினேன். இருவரும் வந்தார்கள். அந்த அம்மாள் நேராக மேடையேறி, மணப்பெண்ணை ஏற இறங்கப் பார்த்து, பாஸ்போர்ட்டைக் காட்டச் சொன்னார்.

கல்யாண வீடியோவில் அந்த இடம் வந்தால் இன்றும் வீடே விழுந்து சிரிக்கிறது. எனக்கு மட்டும் வியர்க்கிறது. மாலையும் கழுத்துமாக மகள், பெட்டியிலிருந்து எடுத்துவரச் சொன்ன பாஸ்போர்ட்டில் துபாய் முத்திரையை விரித்துக் காட்டுகிறாள். அந்த அம்மாள் அவள் துபாயில் இறங்கிய தேதியை இரண்டு தரம் படிக்கிறார். அப்புறம் கீழே திரும்பித் தலையாட்டுகிறார். அதுவரை வாசலிலேயே நின்ற லாரிக்காரர் பந்திக்குப் போகிறார்.