சங்கிலிக்கு மெழுகு சூட்டிய படலம்

வாழ்க, அளவுநாடாவே ஆரமாய்ப் புரளும் அகன்ற மார்பினர். வாழ்க, காதிடுக்கில் பென்சில் சூடிய கத்தரிக்கோற் காவலர். தம் கைபட்ட துணியைத் தம் மிதிவண்டியிலேயே ஏற்றிச்சென்று வாடிக்கையாளர் திருக்கரத்தில் சேர்ப்பதைத் தலையாய கடமையாகக் கொண்ட நம் தையற்காரர்.

அன்று மாலை ஆறு மணிக்கு மேடையேறவிருந்த மாயவித்தைக்காரரின் பால்வெண் பேண்ட், கடைசி இஸ்திரிக்காக மேசைமேல் பள்ளிகொண்டிருந்தது. அதைச் சுமக்கவேண்டிய மிதிவண்டியோ, சங்கிலி வறண்டு, தெருவே காதைப் பொத்தும்படி கிறீச்சிட்டது. எண்ணெய் விட்டால் தீர்ந்தது. ஆனால் போன மாதம்தான் மருத்துவர் ஒருவரின் வெள்ளை அங்கி, பையிலிருந்து நழுவி, எண்ணெய்ச் சங்கிலியைத் தழுவி, கருங்கறையோடு வீடு போய்ச் சேர்ந்தது. இன்னொரு வெள்ளைத் துணி கெட்டால் ஊரில் தலைகாட்ட முடியாதே என்று அவர் உள்ளூர நடுங்கினார்.

ஆகவே முழங்கினார்: "இனிமே இந்தச் செயின்ல ஒரு சொட்டு எண்ணெய் படாது. மெழுகுதான்."

பொத்தான் தைத்துக்கொண்டிருந்த மனைவியார் தலைநிமிராமலே எதிர்முழக்கம் செய்தார்: "மெஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு விட்டு, துணியால துடைச்சுட்டுக் கிளம்புங்க."

கேட்பாரா வீரர்? இஸ்திரிப்பெட்டியை இரு செங்கல்லிடையே மல்லாத்தி, அதன் அனல்முகத்தில் தகரமூடி ஏற்றி, நூலுக்குப் பூசும் மெழுகுக்கட்டியை அதில் உருக்கி, மண்ணெண்ணெயில் நீராடித் துவட்டிய சங்கிலியைக் கண்ணி கண்ணியாய் ஆழ்த்தி, மூடி தள்ளாட, மெழுகு தளும்ப, விரல் சுட, சுட்ட விரலை வாயில் வைத்தபடியே மறுகையால் போர்தொடுத்து, ஒன்றரை மணி நேரம் தனிநின்று பொருதார். வண்டியில் பூட்டிப் பெடலைச் சுற்றினார். சங்கிலி முணுமுணுக்கக்கூட இல்லை.

"பாத்தியா?" என்றார்.

"பாத்தேன். மணி அஞ்சேகால்."

வெற்றிக்களிப்பு அடங்குமுன் இஸ்திரிப்பெட்டியைத் தூக்கி, வெண்பேண்டின் முழங்காலில் ஓர் இழுப்பு இழுத்தார். அந்தோ, தகரமூடியிலிருந்து வழிந்து பெட்டியின் முகத்தில் பதுங்கியிருந்த மெழுகு, உள்ளங்கை அகலத்துக்குத் துணியில் பரவியது. எண்ணெய்ப் படையைக் காத தூரம் விரட்டிவிட்டு மெழுகுப் படைக்குத் தாமே கோட்டைக் கதவைத் திறந்துவிட்ட வீரருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மனைவியார் எழுந்தார். பெட்டியின் முகத்தைத் துடைத்தார். அளவு வரையும் பழுப்புத்தாளைக் கறைமேல் விரித்து, அதன்மேல் சூடான பெட்டியால் தேய்த்தார். மெழுகைத் தாள் குடித்தது. மூன்றாம் தாளில் பேண்ட் பழைய வெண்மைக்குத் திரும்பியது. மடித்துப் பையில் வைத்துச் செருப்பை மாட்டினார்.

வீரர் மீண்டும் நிமிர்ந்தார்: "குடு, சைக்கிள்ல போய்க் குடுத்துட்டு வரேன்."

"வேணாம். நீங்க செயினைப் பாத்துக்கிட்டு இருங்க."

பையோடு மனைவியார் படியிறங்கினார். ஒளிரும் சங்கிலியும் ஓயாத் தவமும் கொண்ட அம்மாவீரர், அசையாது நின்ற மிதிவண்டியின் அருகே தாமும் அசையாது நின்றார்.

மாயவித்தைக்காரர் வீடு அடுத்த தெருவில் இருக்கிறது.