பாய்லர் சார் ஒருநாளும் விழுந்ததில்லை

எங்கள் தெருவில் விழாத மனிதர் ஒருவர்தான் இருந்தார். மற்ற எல்லோரும் விழுந்திருக்கிறோம். குன்னூரில் நாங்கள் தெரு என்று சொல்வது உண்மையில் ஒரு படிக்கட்டு. மேலே பஸ் போகிற ரோட்டில் தொடங்கி, கீழே ஓடையில் போய் முடிகிற, பாசி பிடித்த படிக்கட்டு. அதில் கேஸ்காரர் சிலிண்டரோடு உருண்டிருக்கிறார். ஓட்டுக் கேட்டு வந்த ஒருவர் கும்பிட்ட கையோடு வழுக்கி, கும்பிட்டபடியே என் வாசல்வரை வந்து சேர்ந்திருக்கிறார். நானும் என் குடமும் சேர்ந்தும் தனித்தனியாகவும் விழுந்திருக்கிறோம். பாய்லர் சார் மட்டும் விழுந்ததே இல்லை. அவரைத் தரையிலிருந்து நானே பலமுறை எழுப்பி நிறுத்தியிருக்கிறேன். இருந்தாலும் அவர் விழுந்ததில்லை.

அவருக்கு வயது தொண்ணூறைத் தாண்டிவிட்டது. ஃபாக்டரியில் பாய்லரைப் பார்த்துக்கொண்டிருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஓய்வு பெற்ற சமயத்தில் பிறந்தவர்களின் பிள்ளைகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறார்கள். சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும். ஒல்லியான நெட்டை உருவம். தலையில் குரங்குக் குல்லா, காலில் கம்பளி சாக்ஸ், நடுவில் ஒன்றின்மேல் ஒன்றாக ஸ்வெட்டர்கள். எல்லாம் அவர் மனைவி பின்னியவை. அந்த அம்மா போய் வெகுகாலம் ஆகிவிட்டது. ஸ்வெட்டர்கள் மட்டும் போவேனா என்கின்றன.

நான் பக்கத்து ஊரான வெலிங்டனில் ஒரு ஆபீசில் கிளார்க். கணவர் இறந்து, மகனும் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன பிறகு, இவ்வளவு பெரிய வீடு எதற்கு என்று இந்த லைன் வீட்டுக்கு வந்தேன். ஒரே கூரை, நடுவில் ஒரு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் பாய்லர் சார் தனியாக, இந்தப் பக்கம் நான் தனியாக. அவர் இருமினால் நான் டிவி சத்தத்தைக் குறைப்பேன். நான் தாளித்தால் அவர் தும்முவார். சில நாட்களில் இரண்டு வீட்டுக்கும் இடையே நடந்த மொத்தப் பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

குடிவந்த புதிதில் ஒரு காலை, வேலி ஓரமாக எட்டிப் பார்த்தேன். முட்டைக்கோசுப் பாத்திக்கு நடுவே மனிதர் மல்லாந்து கிடந்தார். பதறிப்போய் என்ன சார் என்று கேட்டேன். கோசு எப்படிப் பிடித்திருக்கிறது என்று கீழேயிருந்து பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். மலையில் இதெல்லாம் வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்து உள்ளே போய் அரிசி களைந்தேன். சாதம் வெந்து, வடித்து, டப்பா கட்டிக்கொண்டு வெளியே வந்தால், இன்னும் கோசைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க அம்முணி, சும்மா நிக்கறதா இருந்தா அந்த ஸ்டூலக் கொஞ்சம் இப்பிடித் தள்ளுங்க" என்றார்.

அன்றைக்குத்தான் அந்த ஸ்டூல்களைக் கவனித்தேன். பாத்தியில் ஒன்று, வாசலில் ஒன்று, வீட்டுக்குள் அறைக்கு ஒன்று, குளியலறையில்கூட ஒன்று. எல்லாவற்றுக்கும் சிவப்புப் பெயிண்ட். கேட்டதற்கு, விருந்தாளிகள் வந்தால் உட்கார என்றார். குளியலறைக்கு என்ன விருந்தாளி என்று நான் கேட்கவில்லை. வீட்டின் முன்னறைக்கே ஒரு விருந்தாளியும் வந்து நான் பார்த்ததில்லை.

அவரை எழுப்புவதற்கென்று சட்டதிட்டங்கள் இருந்தன. கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. அக்குளில் கை கொடுத்துத் தூக்கக் கூடாது. "ஐயோ" என்று சொல்லவே கூடாது. முதலில் அவர் ஒருக்களித்துப் படுப்பார். பிறகு நான்கு காலில் நிற்பார். அதன்பின் ஸ்டூலைப் பிடித்து ஒரு முட்டியை ஊன்றி, கண்ணை மூடிக்கொண்டு, "பிரஷர் ஏறட்டும்" என்பார். நாம் பக்கத்தில் ஃபாக்டரியில் புதிதாகச் சேர்ந்த ஆள் மாதிரி கைகட்டி நிற்க வேண்டும். பிரஷர் சில நாள் சீக்கிரம் ஏறும். சில நாள் நான் ஆபீசுக்குப் போன் செய்து அரைநாள் லீவு சொல்ல வேண்டியிருக்கும்.

எழுந்து ஸ்டூலில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக நடந்ததற்குப் பெயர் வைப்பார். விழுந்தேன் என்ற சொல் அவர் வாயில் வராது. "உக்காந்தேனுங்க, கொஞ்சம் வேகமா உக்காந்துட்டேன்" என்பார். இல்லாவிட்டால் படுத்தேன், குனிந்தேன், தரை ஈரமா என்று தொட்டுப் பார்த்தேன். ஒருமுறை நெற்றியில் ரத்தம் வழிய, கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று தலையால் தள்ளிப் பார்த்ததாகச் சொன்னார். எதிர்வீட்டு சிவராஜ் காய்கறி வண்டி ஓட்டுகிறவன். அவன்தான் அன்றைக்குப் பஞ்சு வைத்துக் கட்டினான். "அப்பிச்சி, அடுத்த தடவ கையால தள்ளிப் பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

அவருக்கு ஒரே மகள், மாலதி. கோயம்புத்தூரில் இருக்கிறார். மகளுக்கே அறுபது தாண்டிவிட்டது, முட்டிவலி வேறு. எங்கள் படிக்கட்டில் அவர் இறங்கி வருவதே ஒரு திருவிழா மாதிரி. அப்படி ஒருமுறை வந்தபோது அப்பாவுக்கு ஒரு பொத்தான் கொண்டுவந்தார். கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்வது. விழுந்தால் அமுக்க வேண்டும். அமுக்கினால் முதலில் மகளுடைய போன் அடிக்கும், அடுத்து என்னுடையது, பிறகு சிவராஜினுடையது.

விழாத மனிதருக்கு அது எதற்கு? ஆனாலும் மறுக்காமல் வாங்கிக்கொண்டார். அடுத்த வாரமே போன் அடித்தது. நானும் சிவராஜும் செருப்புக்கூடப் போடாமல் ஓடினோம். பாய்லர் சார் கட்டிலில் சௌக்கியமாக உட்கார்ந்திருந்தார். கோசுப் பாத்தியில் காட்டெருமை நிற்கிறது, அதைச் சொல்லத்தான் அமுக்கினேன் என்றார். உண்மைதான், நாங்கள் உள்ளே வந்த கதவுக்கு நேரே இப்போது அது வந்து நின்றது. லாரி மாதிரி உடம்பு. கோசை முழுக்கத் தின்று முடித்து அதுவாக நகரும்வரை நாங்கள் வெளியே போக முடியாது. அவர் எழுந்து டீ போட்டார். சிவப்பு ஸ்டூல்களை இழுத்துப் போட்டு எங்களை உட்கார வைத்தார். ஸ்பீக்கரில் கோயம்புத்தூரிலிருந்து மாலதி, அப்பா ஜன்னலைச் சாத்துங்க, லைட்டை அணைங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பாய்லர் சார் ஒரு பெரிய விருந்து நடத்துகிறவரைப் போல எல்லோருக்கும் இரண்டாவது டம்ளர் ஊற்றினார். தன் பாத்தி மொத்தமும் போய்க்கொண்டிருந்த அந்த நேரத்தில் இருந்ததுபோல அவரை வேறெப்போதும் அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை.

பிறகு கரண்ட் போனதற்கு அமுக்கினார். குரங்கு வந்ததற்கு அமுக்கினார். பனி கொட்டி ரோஜாச்செடி கருகியதற்கு அமுக்கினார். கீழே கிடந்தபோது மட்டும் ஒருமுறைகூட அமுக்கியதில்லை.

மழை விடாமல் பெய்த ஒரு நாள், ஆபீஸ் முடிந்து வந்து குடையை மடக்கிக்கொண்டிருந்தேன். சமையலறைக் குழாயில் டங் டங் என்று சத்தம். எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே குழாய். தண்ணீர் எப்போதாவதுதான் வரும், வருவதற்கு முன்னால் குழாய் இப்படி எதையாவது செய்யும். சந்தோஷமாகப் பெரிய பாத்திரங்களை எல்லாம் எடுத்து வைத்துக் குழாயைத் திறந்து நின்றேன். தண்ணீர் வரவில்லை. சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. கொஞ்சம் நின்றது. மறுபடி வந்தபோது மெதுவாக வந்தது. தண்ணீர் களைப்படையாது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அவர் வீட்டுக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. சிவராஜைக் கூப்பிட்டேன். அவன் தோளால் மோதித் திறந்தான். சமையலறையில், தொட்டிக்கு அடியில், அவர் ஒருபக்கமாகக் கிடந்தார். கையில் ஒரு டம்ளர். தரையோரம் ஓடுகிற குழாயை அதைக்கொண்டு தட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் வந்து நின்ற பிறகும் கை நிற்கவில்லை. நான் உட்கார்ந்து டம்ளரை வாங்கினேன். விரல்கள் ஐஸ் மாதிரி இருந்தன. ஒரு கால் பார்க்கவே தப்பாக, வெளிப்புறம் திரும்பிக் கிடந்தது.

சிவராஜ் பழக்கத்தில் ஸ்டூலைத் தள்ளிக்கொண்டு வந்தான். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"விழுந்துட்டேனுங்க அம்முணி" என்றார்.

சிவராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆம்புலன்சுக்குப் போன் போட்டான். நான் என் வீட்டுக் கம்பளிகளை எல்லாம் கொண்டுவந்து போர்த்தினேன். ஒரு வாய் தண்ணீர் கேட்டார். ஆபரேஷன் ஏதாவது செய்வார்களோ என்று பயந்து உதட்டை மட்டும் நனைத்தேன். காலையில் பால் பொங்குகிறதே என்று அவசரமாகத் திரும்பியதில் விழுந்திருக்கிறார். அடுப்பை மட்டும் எப்படியோ எட்டி அணைத்துவிட்டாராம்.

காலையிலேயே ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டேன்.

"நீங்க பூட்டுப் போடற சத்தம் கேட்டுச்சுங்க. கூப்பிட்டிருந்தா உங்களுக்கு ஆபீசுக்கு லேட்டாயிருக்கும்."

ஆம்புலன்ஸ் மேலே ரோட்டில்தான் நிற்கும். ஸ்ட்ரெச்சரில் கட்டி, படிக்கட்டில் தூக்கிக்கொண்டு போனார்கள். படுத்தபடியே அவர் ஃபோர்மேன் ஆகிவிட்டார். முன்னால் போகிறவர் தாழ்த்து, பின்னால் வருகிறவர் உயர்த்து, பாசியில் கால் வைக்காதே, அது கேஸ்காரர் விழுந்த படி. வீட்டுக்கு வீடு கதவு திறந்தது. குடை பிடித்துக்கொண்டு, துண்டைப் போர்த்திக்கொண்டு ஆட்கள் வெளியே வந்தார்கள். ஒரு பெண் ஓடிவந்து அவர் முகத்துக்கு மேலே குடையைப் பிடித்தபடி மேல்வரை நடந்தாள். எல்லோரிடமும் அவர் ஒன்றுமில்லீங்க, சும்மா டவுன் வரைக்கும் என்று சொல்லிக்கொண்டே போனார். பாதி வழியில் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"இத்தன பேரு இருக்காங்களா அம்முணி, நம்ம தெருவுல?"

ஆஸ்பத்திரியில் இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது, கோயம்புத்தூருக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார்கள். நர்ஸ் ஸ்வெட்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வந்தாள். உள்ளே உள்ளே போய்க் கடைசியில் சட்டைப்பையிலிருந்து பொத்தானை எடுத்து என் கையில் கொடுத்தாள். நாள் முழுக்க அவர் நெஞ்சிலேயே இருந்திருக்கிறது. அவரேதான் சொன்னார்.

"அத அமுக்குனா மாலதி வந்துருவா. காட்டெருமைன்னா பேசிட்டு வெச்சுருவா. இதுக்கு வந்தா, என்னைய இங்க உட்டுட்டா போவா?"

மாலதி விடியும்போது வந்து சேர்ந்தார். அப்பா இதற்கு முன்னால் விழுந்திருக்கிறாரா என்று என்னைத்தான் கேட்டார். நான் கோசுப் பாத்தியிலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். கண்ணை மூடித் தூங்குவதுபோலக் கிடந்தவர், "அது உக்காந்தது" என்று இரண்டு இடங்களில் திருத்தினார். மாலதிக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது. தினமும் போனில் கேட்கிறேன், நல்லாயிருக்கேன் நல்லாயிருக்கேன் என்றுதான் சொல்வார் என்றார். மாலதிமேல் தப்புச் சொல்ல என்ன இருக்கிறது?

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வாக்கரைப் பிடித்து நடக்கவும் செய்தார். ஆனால் அதற்குப் பிறகு எங்கள் படிக்கட்டு அவருக்கு இல்லை. மகள் வீட்டோடு இருந்துவிட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் பூட்டுத் தொங்குகிறது. நான் எவ்வளவு காரமாகத் தாளித்தாலும் யாரும் தும்முவதில்லை. சில மாலைகளில் வந்ததும் வராததுமாகக் குழாயைத் திறந்து வைத்துக் கொஞ்ச நேரம் நிற்கிறேன், தண்ணீர் வரும் நாளா என்று பார்ப்பதற்குத்தான்.

போன மாதம் கோயம்புத்தூர் போயிருந்தபோது பார்க்கப் போனேன். உயரமான ஒரு அடுக்குமாடிக் கட்டிடம். மாலதி நன்றாகத்தான் வைத்திருக்கிறார். ஸ்வெட்டர் இல்லாமல் அவரைப் பார்ப்பது எனக்குத்தான் கூச்சமாக இருந்தது, பாதி ஆளாகத் தெரிந்தார். தரை ரொம்பச் சமமாக இருக்கிறது, நடந்தால் நடந்த மாதிரியே இல்லை என்று குறைப்பட்டுக்கொண்டார். எதிர்வீட்டில் யார் என்று கேட்டேன். தெரியாது என்றார். கதவுகள் எப்போதும் சாத்தியே இருக்கின்றனவாம்.

நான் கிளம்பியதும் லிஃப்ட் வரைக்கும் வந்து அனுப்புவேன் என்று வாக்கரைப் பிடித்துக்கொண்டார். மாலதி வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்து, பிறகு விட்டுவிட்டார். நீளமான வராண்டா. ஒவ்வொரு கதவுக்கு முன்னும் நின்று எனக்கு அறிமுகம் செய்து வைத்தார். வெளியே கிடக்கிற செருப்புகளை வைத்து அவராகவே எல்லோருக்கும் பெயர் வைத்திருக்கிறார். இது பூட்ஸ்காரர் வீடு. இது ஒரே மாதிரி ரெண்டு ஜோடி, இரட்டைப் பிள்ளைகளாக இருக்கும். இந்த வீட்டுச் செருப்பு ரொம்ப நாளாக அசையவே இல்லை, என்ன ஆச்சு என்று யாரைக் கேட்பது? நான் அவர் முதுகைத் தொடாமல், தொடுகிற தூரத்தில் கையை வைத்துக்கொண்டே பின்னால் நடந்தேன்.

எதிரே லிஃப்ட் வந்தது. கதவு திறந்து, யாருக்காகவோ கொஞ்சம் நின்று, மூடிக்கொண்டு போயிற்று. நாங்கள் பாதி தூரம்கூட வந்திருக்கவில்லை.

"போயிருச்சுங்களே அம்முணி. உங்க பஸ்ஸு?"

அடுத்ததில் போய்க்கொள்கிறேன் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த கதவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். நான் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் மெதுவாக நடந்தேன்.