இணையத்தில் இளைத்தவர்கள்

ட்ரையல் ரூமுக்குள்ளிருந்து ‘டர்ர்ர்’ என்று ஒரு சத்தம் வந்தது.

தையல் கடையில் அந்தச் சத்தத்தை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கட்டிங் மாஸ்டரின் கத்தரிக்கோல் பாதித் துணியில் நின்றது. நின்றபடியே டீ குடித்துக்கொண்டிருந்த முதலாளி, கிளாஸோடு திரும்பினார். மூலையில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த கணக்கர் மட்டும் தலையை இன்னும் தாழ்த்திக்கொண்டார்.

திரை விலகியது. புது பேண்ட்டைப் போட்டுப் பார்க்கப் போன தலைமை ஆசிரியர் பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்து வந்தார்.

“குனியக்கூட இல்லப்பா. மூச்சுதான் விட்டேன்.”

மாஸ்டர் அளவுச் சீட்டை எடுத்துக் காட்டினார். இடுப்பு முப்பத்தைந்து. தலைமை ஆசிரியர் முப்பத்தைந்தைப் பார்த்துப் பல வருஷம் ஆகியிருக்கும் என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது.

“கம்ப்யூட்டர் சொன்னதைத்தான் வெட்டினேன்” என்றார் மாஸ்டர். எல்லோரும் மூலையைப் பார்த்தார்கள்.

அந்தக் கம்ப்யூட்டருக்குள் கடையின் வாடிக்கையாளர்கள் அத்தனை பேரின் உடம்பும் இருந்தது. கழுத்து, நெஞ்சு, இடுப்பு, கால் என்று கணக்கர் பல வருஷமாகத் தட்டித் தட்டிச் சேர்த்த டேட்டாபேஸ். அது அந்த மேஜையைத் தாண்டி வெளியே போனதில்லை.

போன மாதம் முதலாளி மைத்துனர் வீட்டுக்குப் போய்வந்தார். வினை அங்கேதான் ஆரம்பம். மைத்துனர் சோபாவில் சாய்ந்துகொண்டே தன் கடைக் கணக்கு முழுவதையும் போனில் விரலால் தள்ளித் தள்ளிக் காட்டினாராம். நம்ம டேட்டாபேஸும் பிரவுசரில் தெரிய வேண்டும், வாடிக்கையாளர் வீட்டிலிருந்தே தன் அளவைப் பார்த்து ஆர்டர் கொடுக்க வேண்டும் என்று முதலாளி ஒற்றைக்காலில் நின்றார். முடியாவிட்டால் பரவாயில்லை, கம்ப்யூட்டர் படித்த மைத்துனர் மகன் வீட்டில் சும்மாதான் இருக்கிறான் என்றும் சொன்னார். சொல்லும்போது அவர் பார்த்தது கணக்கரின் நாற்காலியை.

அந்த நாற்காலியின் நாலு கால்களில்தான் கணக்கரின் குடும்பமே நின்றது. தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரையும் கேட்டு, ஒருவழியாக டேட்டாபேஸை இணையத்தில் ஏற்றினார். போன் நம்பரைப் போட்டால் அவரவர் அளவு வரும். முதலாளி முதல் ஆளாகத் தன் போனில் திறந்தார். ‘உங்களுக்கு அனுமதி இல்லை’ என்று வந்தது.

“என் கடைக்குள்ள நுழைய எனக்கே அனுமதி இல்லையா?”

கணக்கர் அவசரமாக மவுஸைப் பிடித்தார். அனுமதிப் பக்கத்தைத் திறந்தால் யார் பார்க்கலாம், யார் திருத்தலாம் என்று வரிசையாகக் கட்டங்கள். எதற்கு வம்பு என்று எல்லாக் கட்டத்திலும் ‘எல்லோரும்’ என்று டிக் அடித்துவிட்டார்.

உடனே வேலை செய்தது. மறுநாளிலிருந்து முதலாளி கடைக்கு வந்தவர் போனவருக்கெல்லாம் தன் பக்கத்தைக் காட்டினார். இடுப்பு முப்பத்துநாலு. “கல்யாணத்தன்னிக்கு எடுத்த அளவு. இன்னிக்கு வரைக்கும் ஒரு நூல் மாறல” என்று சட்டையை வெளியே விட்ட வயிற்றைத் தடவிக்கொள்வார். அந்த அளவிலேயே தனக்கு இரண்டு பேண்ட்டும் தைத்துக்கொண்டார்.

இப்போது தலைமை ஆசிரியரின் கிழிசலுக்குப் பிறகு கணக்கர் டேட்டாபேஸைப் புரட்டினார். வாடிக்கையாளர்கள் பாதிப் பேர் ஒரே வாரத்தில் சினிமாக் கதாநாயகர்கள் ஆகியிருந்தார்கள். இடுப்பு சுருங்கி, நெஞ்சு விரிந்திருந்தது. குள்ளமான காண்ட்ராக்டருக்குக் கால்கூட இரண்டு அங்குலம் வளர்ந்திருந்தது.

திருத்தும் அனுமதியைப் பிடுங்கினார். ஆனால் திருத்தியது திருத்தியதுதான். பழைய அளவுக்கு வேறு பிரதி இல்லை. ஒவ்வொருவராக போன் செய்து நைசாக விசாரித்தார். ஒருவர்கூட இறங்கி வரவில்லை.

“நான் டாக்டர்ப்பா. என் இடுப்பு எனக்குத் தெரியாதா?”

சரி, நேரில் வாருங்கள், டேப் வைத்தே எடுத்துவிடலாம் என்றார். வந்தார்கள். டேப்பைக் கண்டதும் வயிற்றை எக்கினார்கள். டாக்டர் முகம் கத்திரிக்காய் நிறத்துக்கு வரும்வரை மூச்சைப் பிடித்திருந்தார். இருந்த அளவிலும் ஒரு அங்குலம் குறைந்தது.

கடைசியில் கணக்கர் ஒரு ரகசிய யோசனை செய்தார். டேட்டாபேஸில் ‘உண்மை அளவு’ என்று புதிதாக ஒரு கட்டம் சேர்த்து, ஆளைக் கண்ணால் பார்த்து மனதில் பட்டதை அதில் எழுதினார். மாஸ்டருக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்பது திட்டம். ஆனால் புதிய கட்டம் எதுவானாலும் தானாகவே பிரவுசருக்குப் போய்விடும் என்பது அவருக்குத் தெரியாது.

அன்று மதியம் கடை போன் ஓயவில்லை. காண்ட்ராக்டரின் மனைவி, தன் புருஷன் பெயருக்கு எதிரில் ‘நாற்பத்துநாலு, குறையாது’ என்று போட்ட மகராசன் யார் என்று கேட்டார். தலைமை ஆசிரியர் இனி இந்தப் படி ஏறப்போவதில்லை என்றார்.

முதலாளி மேஜைக்கு வந்தார். உட்காரவில்லை, புது பேண்ட் போட்ட நாளிலிருந்து அவர் எங்கேயும் உட்காருவதில்லை.

“அதை மொதல்ல அழி. அவங்க என்ன அளவு சொல்றாங்களோ அதான் அளவு. ஊர் மனமகிழ் மன்றத்து ஆண்டு விழாவுக்கு எல்லாருக்கும் நாமதான் தைக்கிறோம். அதுல ஒரே ஒரு புகார் வரட்டும், மச்சான் மகன் வந்து உக்காந்துடுவான்.”

டாக்டர், தலைமை ஆசிரியர், காண்ட்ராக்டர் எல்லோரும் அந்த மன்றத்தில்தான் உறுப்பினர்கள். முதலாளியே நேரில் போய்த் தலைமை ஆசிரியரைச் சமாதானப்படுத்தினார். மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டே, வழக்கம்போல் உள்தையலில் தாராளமாகத் துணி விட்டு, பிரவுசர் சொன்ன அளவுக்குத் தைத்து முடித்தார்.

வாங்க வந்தவர்களில் ஒருவர்கூட ட்ரையல் ரூம் பக்கம் திரும்பவில்லை. “வேணாம்ப்பா, என் அளவுதானே” என்று பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வேகமாக நடந்தார்கள்.

கணக்கர் போனை விட்டு நகரவில்லை. போன் அடித்தால் நெஞ்சு அடித்தது. ஆனால் அடித்ததெல்லாம் வேறு விஷயத்துக்கு. இதற்கு நடுவே, எதிர் மாடிப்படிக்குக் கீழே ஒற்றை மெஷினோடு பழைய துணிகளைப் பிரித்துத் தைத்துக்கொடுக்கும் ஆல்ட்டர்காரர், கறுப்பு நூல்கண்டு இருக்கிறதா என்று கேட்டு வந்தார். சாயங்காலம் மறுபடி வந்தார். மறுநாள் ஒரு பெட்டி கேட்டார்.

விழா நடந்தது. ஒருவர் உடையும் கிழியவில்லை. காண்ட்ராக்டரின் பேண்ட் கால்கூடத் தரையைப் பெருக்கவில்லை. தலைமை ஆசிரியர் மேடையில் குனிந்து மைக்கைத் தூக்கினார். அரங்கம் அமைதியாகவே இருந்தது. மாஸ்டருக்கே குழப்பம்.

மறுநாள் காலை முதலாளி மைத்துனருக்கு போன் போட்டு, கடையே கேட்கட்டும் என்று ஸ்பீக்கரையும் அழுத்தினார்.

“ஒரு புகார் இல்ல மச்சான். அத்தனை பேருக்கும் கச்சிதம். எல்லாம் நம்ம கணக்கர் போட்ட வெப்சைட்டு. உன் பையனுக்கு வேற எடம் பாத்துக்க.”

கணக்கர் பல நாளைக்குப் பிறகு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தார்.

அப்போது ஆல்ட்டர்காரர் கையில் ஒரு பொட்டலத்தோடு உள்ளே நுழைந்தார். முதலாளி கண்ணால் என்னவோ ஜாடை காட்டினார். அவர் கவனிக்கவில்லை.

“கோச்சுக்காதீங்க மொதலாளி, மன்றத்து ஆளுங்க பேண்ட்டையெல்லாம் பிரிச்சுத் தைக்கவே நேரம் சரியா இருந்துச்சு, அதான் உங்க பேண்ட் ரெண்டும் லேட்டாயிடுச்சு.”